பாட்டு இருந்தது, பாடியவர் முகம் இல்லை

பாட்டைக் கண்ணால் பார்க்கும் பழக்கமே எம்.டி.வி. வந்த பிறகுதான் வந்தது என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். 1960-லேயே பிரான்சில் 'ஸ்கோப்பிடோன்' என்று ஒரு பெட்டி இருந்தது. காப்பிக் கடையில் வைத்திருப்பார்கள். காசு போட்டால் மேலே சின்னத் திரையில் 16 மி.மீ. வண்ணப்படம் ஓடும், பாடகரே வந்து பாடுவார். பிற்காலத்தில் பெரிய டைரக்டரான குளோத் லெலூஷ்கூட இத்தகைய படங்கள் எடுத்தவர்தான். (பிரெஞ்சு வழியில் படித்ததன் பலன், இப்படி யாருக்கும் வேண்டாத விஷயமெல்லாம் தெரிந்து வைத்திருப்பது!)

நம்மூர்க் கதை வேறு. பாகவதர் காலத்தில் பாடத் தெரிந்தவரே நடித்தார். பின்னணிப் பாடல் வந்ததும் குரல் ஒருவருடையது, முகம் இன்னொருவருடையது என்றாயிற்று. டி.எம்.எஸ். எம்.ஜி.ஆருக்கு ஒரு மாதிரி, சிவாஜிக்கு ஒரு மாதிரி பாடினார். 'பட்டினத்தார்', 'அருணகிரிநாதர்' படங்களில் அவரே நடித்தார். அவை போகட்டும், மற்றபடி அவர் நமக்கு ரேடியோவில் சொல்லும் பெயர், பாட்டுப் புத்தகத்தில் அச்சான பெயர். அவ்வளவே.

1975 ஆகஸ்ட் 15-இல் சென்னைத் தொலைக்காட்சி வந்தது. பிறகு வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்'. அம்பத்தூர்ப் பக்கம் டி.வி. இருந்த வீட்டுக் கூடத்தில் தெருவே போய் உட்கார்ந்திருக்கும். ஆன்டெனாவைத் திருப்ப மொட்டைமாடியில் ஓர் ஆள். ஆனால் அங்கேயும் காட்டியது சினிமாவில் வெட்டியெடுத்த பாட்டைத்தான். திரையில் தெரிந்தது கதாநாயகன்தான். பாடியவர் அப்போதும் கண்ணுக்குப் படவில்லை.

இதை மாற்றியது, என் கணக்கில், 1997-இல் சுதந்திரப் பொன்விழாவுக்கு ஏ.ஆர். ரகுமான் செய்த 'வந்தே மாதரம்'. படம் எடுத்தவர் பரத் பாலா. கதை இல்லை, கதாநாயகன் இல்லை. பாலைவனம், பல ஊர் மக்களின் முகங்கள், தேசியக் கொடி, நடுவில் நீள முடியோடு ரகுமானே பாடுகிறார். 'ரோஜா' வந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. அவர் பாட்டு தெரியாத வீடில்லை. ஆனால் இசையமைப்பாளரே பாட்டின் முகமாக நிற்பதை நம் ஜனங்கள் அப்போதுதான் பார்த்தார்கள்.

2011 நவம்பரில் வந்த 'கொலவெறி' அதற்கு நேர் எதிர். ஒலிப்பதிவுக் கூடத்தில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தனுஷ் பாட, பக்கத்தில் அனிருத் உட்கார்ந்திருந்தார். செட்டு இல்லை, டான்ஸ் மாஸ்டர் இல்லை. 'நாங்கள் சும்மா விளையாட்டாகப் பாடினோம்' என்று ஒரு தோற்றம். அந்தத் தோற்றமே பெரிய விளம்பரம்!

அப்புறம் 2021 மார்ச்சில் 'எஞ்சாய் எஞ்சாமி'. தீயோடு சேர்ந்து பாடிய அறிவு அரக்கோணத்துக்காரர். ஆவடியிலும் அம்பத்தூரிலும் நின்று போகிறதே, அந்த அரக்கோணம் வண்டி போய்ச் சேரும் ஊர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய அவருடைய பாட்டியின் வாழ்க்கையும் அந்தப் பாட்டில் இருக்கிறது. அமித் கிருஷ்ணன் எடுத்த படத்தில் மண்ணும் காடும் கிராமத்துப் பெரியவர்களும் நிறைந்திருப்பார்கள். மினுமினுக்கும் உடை போட்ட கூட்டத்தையே பின்னணியில் பார்த்துச் சலித்த கண்ணுக்கு அது பெரிய ஆறுதல்.

அதே வருஷம் ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' பத்திரிகை தன் அட்டையில் தீயையும், 'நீயே ஒளி' பாடிய ஷான் வின்சென்ட் டி பாலையும் போட்டது. இரண்டு பாட்டிலும் பங்குள்ள அறிவின் படம் இல்லை. டைரக்டர் பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி கேட்டார்; கண்டனம் கிளம்பிய பிறகுதான் அறிவுக்கென்று ஓர் அட்டை வந்தது. மறுவருஷம் ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அதே பாட்டு. மேடையில் தீ இருந்தார், அறிவு இல்லை. பாட்டில் யாருடைய பங்கு எவ்வளவு என்று அறிவு, தீ, இசையமைத்த சந்தோஷ் நாராயணன் மூவரும் தனித்தனியே அறிக்கை விட்டார்கள். டி.எம்.எஸ். காலத்தில் எந்தப் பாடகரும் 'என் முகம் எங்கே' என்று கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை.