மேங்கோ தெரு வீடும் அதன் வாசகர்களும்

சாண்ட்ரா சிஸ்னெரோஸ் எழுதி 1984-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலிருந்து வெளிவந்த ‘தி ஹவுஸ் ஆன் மேங்கோ ஸ்ட்ரீட்’ என்னும் சிறிய நாவல், சிகாகோவின் ஏழை லத்தீன் அமெரிக்கக் குடியிருப்பு ஒன்றில் வளரும் எஸ்பெரான்சா கோர்டெரோ என்ற மெக்சிகோ வழிச் சிறுமியின் ஏறத்தாழ ஓராண்டுக் கால வாழ்க்கையை 44 குறுஞ்சித்திரங்களில் சொல்கிறது. தனக்கென்று ஒரு வீடு வேண்டும் என்றும் இந்தத் தெருவை விட்டுப் போய்விட வேண்டும் என்றும் விரும்பும் அச்சிறுமி, நாவல் முடியும்போது, போக வழியற்றவர்களுக்காகத் திரும்பி வரும் கடமையையும் தன்மேல் ஏற்றுக்கொள்கிறாள். போவதும் திரும்புவதுமான இவ்விரண்டில் எதை முதன்மையாகக் கொள்வது என்பதில்தான் வாசகர்கள் பிரிந்தனர். நாற்பது ஆண்டுகளாக இந்நூல் சந்தித்த பாராட்டுகளும் கண்டனங்களும் பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே எழுந்துள்ளன.

ஒரு சிறுவனோ சிறுமியோ பிள்ளைப் பருவத்திலிருந்து முதிர்ச்சியை நோக்கி நகர்வதைச் சொல்லும் நாவல் வகை, ஜெர்மன் மொழியில் ‘பில்டுங்ஸ்ரோமான்’ எனப்படுகிறது. 1795–96-இல் வெளிவந்த கெதேயின் வில்ஹெல்ம் மைஸ்டர் நாவல் அதன் மூல முன்மாதிரியாகக் கருதப்படுகிறது. அமெரிக்காவில் வாழும் மெக்சிகோ வழியினர், 1960-களின் உரிமைப் போராட்டங்களின்போது தங்களைப் பெருமையுடன் குறிக்கத் தேர்ந்துகொண்ட ‘சிகானோ’ என்ற பெயரால் அறியப்படும் இலக்கியத்திலும் இவ்வகை நாவல்களே முன்னணியில் நின்றன. 1959-இல் வந்த ஹோசே அந்தோனியோ வில்யாரியலின் ‘போச்சோ’, 1971-இல் வந்த தோமாஸ் ரிவேராவின் நூல், 1972-இல் வந்த ருடால்ஃபோ அனயாவின் ‘பிளெஸ் மீ, உல்டிமா’ ஆகிய மூன்றிலுமே வளர்பவன் ஒரு பையன். தாயாகவும் தமக்கையாகவும் பாட்டியாகவும் அவனைச் சூழ்ந்து நின்ற பெண்கள், தாங்கள் வளர்ந்த கதையைத் தாங்களே சொல்லும் இடம் அந்த வரிசையில் அமையவில்லை. செர்ரி மொராகாவும் குளோரியா அன்சால்துவாவும் 1981-இல் தொகுத்த ‘திஸ் பிரிட்ஜ் கால்டு மை பேக்’ என்னும் தொகுப்பு, வெள்ளையரல்லாத பெண்களின் எழுத்துக்குத் தனியிடம் கோரியபோது, அந்தக் குறையைச் சுட்டிக்காட்டும் ஒரு வாசகர் வட்டமும் உருவாகியிருந்தது.

1954-இல் சிகாகோவில் பிறந்து, ஆறு சகோதரர்களுக்கிடையே ஒரே பெண்ணாக வளர்ந்த சிஸ்னெரோஸ், அயோவா பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற எழுத்துப் பட்டறையில் படித்த காலத்தில்தான் இந்நூலை எழுதத் தொடங்கினார். வீடு என்பதை மனத்தின் இனிய புகலிடமாக விவரித்த பிரெஞ்சுத் தத்துவவாதி காஸ்தோன் பாஷ்லாரின் நூல் அங்கு வகுப்பில் விவாதிக்கப்பட்டபோது, மாடியும் பரணும் நிலவறையும் உடைய அத்தகைய வீடு தம்மவர்களுக்கு வாய்த்ததே இல்லை என்ற உணர்வே தம் எழுத்துக்குத் திசை காட்டியதாக அவர் பிற்காலத்தில் பலமுறை விளக்கியிருக்கிறார். பட்டம் பெற்றபின் சிகாகோவில் பள்ளிப் படிப்பை இடையில் விட்ட இளைஞர்களுக்குக் கற்பித்தபோது, அவர்கள் சொன்ன வாழ்க்கைகளும் நூலுக்குள் வந்து சேர்ந்தன. நாள் முழுதும் உழைத்துக் களைத்தவர் எந்தப் பக்கத்தைப் பிரித்தாலும் படிக்கக்கூடியதாக நூல் அமைய வேண்டும் என்று அவர் விரும்பியதால், ஒவ்வொரு சித்திரமும் ஓரிரு பக்கங்களில் முடிந்துவிடுகிறது. இது நாவலா, சிறுகதைத் தொகுப்பா, உரைநடைக் கவிதையா என்று விமர்சகர்கள் நெடுங்காலம் வாதிட்டதற்கும், அதிகம் படித்துப் பழகாதவர்கள் தயக்கமின்றி இதைக் கையிலெடுத்ததற்கும் காரணம் இந்த வடிவமே.

நிக்கோலாஸ் கனெல்லோஸ் நிறுவிய ஆர்ட்டே புப்ளிகோ என்னும் சிறு பதிப்பகம் நூலை வெளியிட்ட அதே ஆண்டில் முதல் கண்டனமும் எழுந்தது. பாரியோ, அதாவது ஸ்பானிய மொழி பேசுவோர் அடர்ந்து வாழும் நகரக் குடியிருப்பை, விட்டு வெளியேறத் துடிக்கும் எஸ்பெரான்சா தன் இன அடையாளத்தைத் துறந்து வெள்ளையர் உலகின் கனவை வரித்துக்கொள்கிறாள் என்று விமர்சகர் ஹுவான் ரோத்ரிகெஸ் தம் மதிப்புரையில் குறைகூறினார். தனிவீடு என்பது அமெரிக்க நடுத்தர வர்க்கத்தின் ஆசை என்றும், கூட்டாக நின்று போராட வேண்டிய சமூகத்துக்கு அந்த ஆசை துணை செய்யாது என்றும் கருதிய ஓர் இயக்கத் தலைமுறையின் கண்ணோட்டம் அது.

இதற்கான மறுமொழி, 1980-களின் இறுதியில் ஹூலியான் ஒலிவாரெஸ், எலன் மெக்ராக்கன் முதலிய ஆய்வாளர்களின் கட்டுரைகளில் வடிவம் பெற்றது. எஸ்பெரான்சா விரும்பும் வீடு உடைமையின் சின்னமன்று, எழுதுவதற்கும் ஆணின் அதிகாரத்துக்கு அப்பால் வாழ்வதற்குமான இடம் என்பதும், அவள் கதை முடிவது திரும்பி வரும் உறுதியில்தான் என்பதும் அவர்களுடைய வாதத்தின் சாரம். நாவலின் ஜன்னலோரப் பெண்களைப் பார்த்தால் இவ்வாதத்தின் வலிமை புலப்படும். ரஃபேலா என்பவள் பேரழகி என்பதால் ஓடிப்போய்விடுவாள் என்று அஞ்சும் கணவன், செவ்வாய்க்கிழமைதோறும் டொமினோ ஆடப் போகும்போது அவளை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறான். அவள் மாடி ஜன்னலிலிருந்து ஒரு டாலர் நோட்டைக் கசக்கிக் கீழே எறிய, தெருப்பிள்ளைகள் தேங்காய்ச் சாறோ பப்பாளிச் சாறோ வாங்கி வந்து, அவள் துணிக்கொடியில் கட்டி இறக்கும் காகிதப் பைக்குள் வைத்து அனுப்புகிறார்கள். இந்தத் தெருவிலிருந்து ஒரு பெண் தப்ப நினைப்பதை இனத் துரோகம் என்று சொல்வதானால், பூட்டிய கதவையும் பண்பாட்டின் ஒரு பகுதியாக ஏற்க வேண்டிவரும். சிகானா எனப்படும் மெக்சிகோ வழிப் பெண் வாசகர்கள் பலர் நூலைத் தங்களுடையதாகக் கொண்டது இந்த இடத்தில்தான்.

பிஃபோர் கொலம்பஸ் அறக்கட்டளையின் அமெரிக்கன் புக் அவார்டு 1985-இல் கிடைத்ததும், ரேண்டம் ஹவுஸ் குழுமத்தின் வின்டேஜ் பதிப்பு 1991-இல் வந்ததும், மெக்சிகோ எழுத்தாளர் எலேனா பொனியாடோவ்ஸ்காவின் ஸ்பானிய மொழிபெயர்ப்பு 1994-இல் வெளியானதும் வாசகர் பரப்பைப் பன்மடங்கு விரித்தன. 60 இலட்சம் படிகளுக்கு மேல் விற்ற இந்நூலின் பெரும்பகுதி வாசகர்கள் பள்ளி, கல்லூரி மாணவர்களே. வாசகரும் பிரதியும் கூடும்போதே பொருள் பிறக்கிறது என்று இலக்கியக் கல்வியாளர் லூயிஸ் ரோசன்பிளாட் 1938-இலேயே வாதிட்டிருந்தார். குழந்தைகளுக்கு ஒரு நூல் தம்மையே காட்டும் கண்ணாடியாகவும் பிறர் வாழ்வைக் காட்டும் ஜன்னலாகவும் அமையலாம் என்று குழந்தை இலக்கிய ஆய்வாளர் ருடீன் சிம்ஸ் பிஷப் 1990-இல் எழுதினார். அமெரிக்க ஆசிரியர்கள் இந்நாவலை இரு வகையாகவும் பயன்படுத்தினர். தன் பெயரைப் பற்றி எஸ்பெரான்சா பேசும் பகுதியைப் படித்தபின் தத்தம் பெயரின் கதையை எழுதச் சொல்வது பல வகுப்புகளில் வழக்கமாயிற்று. வெளியாள்கள் தங்கள் தெருவுக்குள் அஞ்சி நுழைவதையும், தாங்களே வேற்று நிறத்தவர் பகுதிக்குள் போகும்போது நடுங்குவதையும் ஒருசேரச் சொல்லும் பகுதியோ, அஞ்சும் பக்கத்தில் இருந்த மாணவரையும் விவாதத்துக்குள் இழுத்தது.

பள்ளிக்குள் நுழைந்த நூலைப் பெற்றோரும் நிர்வாகமும் வாசிக்கத் தொடங்கியபோது, பாலியல் வன்முறையைக் குறிப்பாகச் சொல்லும் பகுதிகள் சிறுவருக்கு உகந்தவையா என்ற கேள்வி எழுந்தது. ஆரிகன் மாநிலத்தின் செயின்ட் ஹெலன்ஸ் ஊரில் நடுநிலைப் பள்ளிப் பாடத்திலிருந்து நூல் நீக்கப்பட்டபோது, அங்கு முன்பு படித்த மாணவி ஒருவர் தொடங்கிய கடித இயக்கத்தின் துணையால் கல்விக் குழு அதை மீண்டும் சேர்த்துக்கொண்டது. நூலைக் காக்க முன்வந்தவர் அதை வகுப்பறையில் படித்து வளர்ந்த வாசகரே.

இதனினும் பெரிய மோதல் அரிசோனா மாநிலத்தில் நிகழ்ந்தது. தங்கள் வரலாற்றையும் பாடமாக்க வேண்டும் என்று 1968-இல் கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸின் மாணவர்கள் வகுப்புகளை விட்டு வெளியேறி எழுப்பிய கோரிக்கையின் வழிவந்ததே, டூசான் நகரப் பள்ளிகளில் நடந்த மெக்சிகன் அமெரிக்கக் கல்வித் திட்டம். ஓர் இனத்தின் மாணவருக்கெனவே வகுக்கப்பட்ட பாடங்களையும், மாணவரைத் தனிமனிதராக நடத்தாமல் இன ஒற்றுமையை வலியுறுத்தும் பாடங்களையும் தடுக்கும் சட்டம் 2010-இல் அரிசோனாவில் இயற்றப்பட்டது; அதன் அழுத்தத்தால் 2012 ஜனவரியில் டூசான் திட்டம் கைவிடப்பட்டது. ஏழு நூல்களின் படிகள் வகுப்பறைகளிலிருந்து எடுத்துச் செல்லப்பட்டன. அந்த ஏழில் இடம்பெறாவிட்டாலும், பாடத்திட்டத்தின் வாசிப்புப் பட்டியலில் இருந்த சிஸ்னெரோஸின் நாவலும் திட்டத்தோடு சேர்ந்து தன் இடத்தை இழந்தது. அதே ஆண்டு மார்ச் மாதம் எழுத்தாளர் டோனி டியாஸ் தலைமையில் ‘லிப்ரோட்ராஃபிகான்டே’, அதாவது புத்தகக் கடத்தல்காரர், என்று தமக்குக் கேலியாகப் பெயரிட்டுக்கொண்ட குழுவினர், இத்தகைய நூல்களை ஏற்றிக்கொண்டு ஹூஸ்டனிலிருந்து டூசான் வரை ஊர் ஊராகப் பயணம் செய்தனர். அந்தச் சட்டம் இயற்றப்பட்டதிலும் செயல்படுத்தப்பட்டதிலும் இனக் காழ்ப்பு இருந்ததாகக் கூட்டாட்சி நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது.

ஆக, 1984-இல் இன ஒற்றுமையைக் கைவிட்டுத் தனிமனித ஆசையைத் தூக்கிப் பிடிப்பதாகக் குற்றம் சாட்டப்பட்ட நூல், 2012-இல் தனிமனிதரை மறந்து இன ஒற்றுமையைப் போதிப்பதாகக் குற்றம் சாட்டப்பட்ட பாடத்திட்டத்தின் பகுதியாக வெளியேறியது. முன்னவர்கள் சிறுமி போவதை மட்டும் கண்டார்கள். பின்னவர்கள் அவள் யாருடையவள் என்பதை மட்டும் கண்டார்கள். தன் வழியில் போகும் ஒரு பெண் தன்னவர்களுக்கும் கடன்பட்டவளாக இருக்க முடியும் என்பதை இரு தரப்பினராலும் ஏற்க முடியவில்லை. அதை ஏற்பதற்குப் பெரிய கோட்பாடு எதுவும் தேவைப்படவில்லை என்பதைக் காட்டியவர்கள், சொந்தப் பெயரின் கதையை எழுதத் தொடங்கிய மாணவர்களும், வாகனத்தில் புத்தகப் பெட்டிகளை ஏற்றிய வாசகர்களும்தான்.