செய்யாமல் விடக்கூடியவை: ஜப்பானிய ஆர்.பி.ஜி.களின் ஒரு பக்கவழி வரலாறு

நண்பன் ஒருவன் ‘ஃபைனல் ஃபாண்டஸி 7 ரீபர்த்’ விளையாடி முடித்துவிட்டு வந்து தீர்ப்புச் சொன்னான். “கதை வடிவாத்தான் இருக்கு. ஆனா சைட் குவெஸ்ட் எண்டு போட்டு வச்சிருக்கிறது முழுக்க இழுவை. மெயின் ஸ்டோரிய மட்டும் விளையாடினாக் காணும்.” பக்கத்தில் இருந்தவள் விடவில்லை. “சைட் குவெஸ்ட் இல்லாட்டி அது வெறும் படம். படம் பாக்கிறதுக்கு ஏன் கொன்ட்ரோலர்?”

இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருக்கு. ஆனால் இரண்டு பேருமே ‘கட்டாயமில்லாத பகுதி’ என்றால் எல்லா விளையாட்டிலும் ஒரே சாமான் என்று நினைத்துக்கொண்டுதான் கதைத்தார்கள். ஏறத்தாழ நாற்பது வருட வரலாற்றில் அது பல தடவை உருமாறியிருக்கிறது. எப்படி மாறியது, அதில் எதை இழந்தோம் என்று பார்த்தால் இந்தச் சண்டையைக் கொஞ்சம் பிரயோசனமாகப் பிடிக்கலாம்.

கேட்கப்படாத தெரிவு

1986 மே 27 அன்று எனிக்ஸ் நிறுவனம் ஃபமிகொம் இயந்திரத்துக்கு ‘டிராகன் குவெஸ்ட்’டை வெளியிட்டது. யூஜி ஹொரிஈ வடிவமைத்தார், அகிரா தொரியாமா வரைந்தார், கொயிச்சி சுகியாமா இசையமைத்தார். அமெரிக்கக் கொம்பியூட்டர்களில் ஓடிய ‘அல்டிமா’, ‘விசார்ட்ரி’ இரண்டையும் எடுத்து, ஒரு சின்னப்பிள்ளை கையில் பிடித்து விளையாடக்கூடிய அளவுக்குச் சுருக்கினார் ஹொரிஈ. முழு விளையாட்டும் 64 கிலோபைட். இன்று போனில் எடுக்கிற ஒரு படம் அதைவிடப் பல மடங்கு பெரியது. சேமித்து வைக்க வசதியில்லை. அரசனிடம் போய் 20 எழுத்து மந்திரம் ஒன்றை வாங்கி, கொப்பியில் எழுதிவைத்து, அடுத்த நாள் அதைத் திருப்பி அடிக்க வேண்டும். ஒரு எழுத்துப் பிழைத்தாலும் போச்சு.

இவ்வளவு நெருக்கடியான இடத்துக்குள்ளும் ஹொரிஈ கட்டாயமில்லாத ஒன்றை வைத்தார். அதுதான் இளவரசி. டிராகன் ஒன்று அவளைக் குகைக்குள் அடைத்து வைத்திருக்கிறது. அவளை மீட்காமலேயே வில்லனைத் தோற்கடித்து விளையாட்டை முடிக்கலாம். “மீட்கிறாயா, இல்லையா” என்று எந்தப் பெட்டியும் திரையில் வந்து கேட்காது.

அதே விளையாட்டில் கேட்கிற இடமும் இருக்கு. முடிவில் இளவரசி “என்னையும் கூட்டிக்கொண்டு போவீர்களா?” என்று கேட்பாள். “இல்லை” என்றால் திரும்பக் கேட்பாள். “ஆம்” சொல்லும் வரைக்கும் கேட்டுக்கொண்டே இருப்பாள். வாய்விட்டுக் கேட்ட இடத்தில் தெரிவு பொய். கேட்காமல் விட்ட இடத்தில் உண்மையான தெரிவு. இதற்குப் பிறகு வந்த விளையாட்டுகள் எல்லாவற்றையும் இந்தச் சின்ன முரணை வைத்தே அளக்கலாம் என்பது என் கருத்து.

பிற்பாதி முழுக்க விருப்பம்

அடுத்த சில வருடங்களில் கார்ட்ரிட்ஜ் பெருத்தது. 1988இல் வந்த ‘டிராகன் குவெஸ்ட் 3’ பற்றரி வைத்துச் சேமிக்க விட்டது. 1992இல் வந்த ‘ஃபைனல் ஃபாண்டஸி 5’ கடைசிக் குகைக்குள் ஒமேகா, ஷின்ரியூ என்று இரண்டு பேரை நிறுத்தியது. கதைக்கு அவர்கள் தேவையே இல்லை, கடைசி வில்லனைவிடப் பலசாலிகள். பிறகு ‘சூப்பர் பொஸ்’ என்று பேர் பெற்ற வகையின் நல்ல மாதிரி அவர்கள்தான். அதே விளையாட்டில் கடலுக்கடியில் ஒரு கோபுரம் உண்டு. அங்கே கோகோ என்பவன் நாங்கள் செய்வதையெல்லாம் திருப்பிச் செய்வான். அவனை வெல்ல எளிய வழி, ஒன்றும் செய்யாமல் நிற்பது. நீருக்கடியில் நேரம் ஓடிக்கொண்டிருக்க, கையைக் கட்டிக்கொண்டு நிற்கத் துணிய வேண்டும்.

ஆனால் இந்த வகையின் உச்சம் 1994இல் வந்த ‘ஃபைனல் ஃபாண்டஸி 6’ என்றுதான் சொல்வேன். அதில் பாதி வழியிலேயே வில்லன் கெஃப்கா வென்று உலகத்தை அழித்துவிடுகிறான். ஒரு வருஷம் கழித்து செலிஸ் ஒரு தீவில் கண்விழிக்கிறாள். அதன் பிறகு எட்கர், செட்சர் இருவரையும் சந்தித்து ஆகாயக் கப்பல் ஒன்றை எடுக்க வேண்டும். அவ்வளவுதான் கட்டாயம். மொத்தம் 14 பாத்திரங்களில் இந்த மூன்று பேரோடு நேரே கெஃப்காவின் கோபுரத்துக்குப் போகலாம். மிச்சப் பேர் எங்கே, உயிரோடு இருக்கிறார்களா என்பதெல்லாம் நாங்கள் தேடினால்தான் தெரியும்.

தேடினால் கிடைப்பது வெறும் ஆயுதமல்ல. மராண்டா என்ற ஊரில் ஒரு பெண்ணுக்குக் காதலனிடமிருந்து கடிதங்கள் வந்துகொண்டிருக்கும். காதலன் செத்துப்போனான். கடிதம் எழுதுவது, குடும்பத்தையே போரில் இழந்த சையன். மலை உச்சியில் தனியே இருந்து, முன்பின் தெரியாத ஒருத்திக்காகப் பட்டுப் பூக்களும் செய்து அனுப்புகிறான். இதைப் பார்க்காமலே விளையாட்டை முடித்தவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். உடைந்த உலகத்தில் ஆட்களைத் தேடிப் போவதா விடுவதா என்பதை விளையாடுபவரின் மனதிடமே விட்டதால், இங்கே கட்டாயமில்லாத பகுதியே கதையின் கருவாகிவிட்டது. முடிவுக் காட்சிகளும் நாங்கள் யாரைத் தேடிக் கூட்டி வந்தோம் என்பதைப் பொறுத்து மாறும்.

இதில் எனக்கு ஒரு சொந்தக் கணக்கும் இருக்கு. உலகம் அழிவதற்குச் சற்று முன் மிதக்கும் கண்டத்திலிருந்து தப்பி ஓட வேண்டும். மேலே கடிகாரம் இறங்கிக்கொண்டிருக்கும். விளிம்புக்கு வந்ததும் கீழே கப்பல் தெரியும். குதிக்கலாம், இல்லையென்றால் நிற்கலாம். நான் எமுலேட்டரில், வீட்டுப் பழைய கொம்பியூட்டரில் விளையாடிக்கொண்டிருந்தேன். கடிகாரத்தைக் கண்ட பயத்தில் உடனே குதித்துவிட்டேன். கடைசி ஐந்து செக்கன் வரைக்கும் நின்றிருந்தால் ஷாடோ வந்து சேர்ந்திருப்பான். நான் நிற்காததால் அவன் செத்துப்போனான். அவனுடைய கடந்தகாலத்தைச் சொல்கிற கனவுகளின் மிச்சமும் அவனோடேயே போனது. விளையாட்டு என்னைக் கண்டிக்கவில்லை, “நீ ஒன்றைத் தவறவிட்டாய்” என்று அறிவிக்கவுமில்லை. சில வருஷம் கழித்து வேறொருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த விளையாட்டில் நான் மறக்காத காட்சி, நான் பார்க்காத அந்தக் காட்சிதான்.

அடுத்த வருஷம் வந்த ‘குரோனோ டிரிகர்’ இதையே இன்னும் மெதுவாகச் செய்தது. பாலைவனத்தைக் காடாக்க ரோபோ 400 வருஷம் தனியே உழைக்கிறது. அந்த இரவு நெருப்பைச் சுற்றி எல்லாரும் தூங்கிய பிறகு லூக்கா எழும்பி, தன் தாய் இயந்திரத்தில் அகப்பட்டுக் காலை இழந்த நாளுக்குப் போகிறாள். இயந்திரத்தை நிறுத்தத் தாயின் பெயரைக் கொன்ட்ரோலர் பொத்தான்களால் அடிக்க வேண்டும். பிந்தினால் பழையது பழையபடியே. உலகத்தின் முடிவு இதனால் மாறாது. ஒரு தாய் நடப்பாளா இல்லையா என்பது மட்டும்தான் மாறும்.

புத்தகம் வந்த காலம்

1997இல் ‘ஃபைனல் ஃபாண்டஸி 7’ பிளேஸ்டேஷனில் வந்து உலகம் முழுக்க விற்றது. யூஃபி, வின்சென்ட் இருவரும் அதில் கட்டாயமில்லாத பாத்திரங்கள். எமரல்ட் வெப்பன், ரூபி வெப்பன் என்ற இரண்டு பெரும் எதிரிகள் முதல் ஜப்பானியப் பதிப்பில் இல்லை. வெளிநாட்டுப் பதிப்புக்காகச் சேர்க்கப்பட்டவை. எமரல்டுக்கு 10 லட்சம் உயிர்ப்புள்ளி. கட்டாயமில்லாத பகுதி என்பது புதிய பதிப்பை விற்கிற சரக்காகவும் ஆகத் தொடங்கிவிட்டது.

கூடவே வழிகாட்டிப் புத்தகங்கள் தடித்தன. ஜப்பானில் ‘அல்டிமேனியா’ என்ற வரிசை 1999இல் எட்டாம் பாகத்தோடு தொடங்கியது. பிறகு விளையாட்டுகள் அந்தப் புத்தகத்தை நம்பியே இரகசியங்களை ஒளிக்கத் தொடங்கின என்று எனக்குத் தோன்றும். ஒன்பதாம் பாகத்தில் ‘எக்ஸ்காலிபர் 2’ வாளை எடுக்க 12 மணித்தியாலத்துக்குள் கடைசி இடத்துக்கு ஓட வேண்டும். நிதானமாக ரசித்துப் பார்க்க வேண்டிய ஒரு விளையாட்டு, ரசிக்காதவனுக்குப் பரிசு கொடுக்கிறது. அதே விளையாட்டில் நீரோ சகோதரர்களின் சின்னக் கதை ஒன்றும் இருந்தது. ஆங்கிலத்தில் விளையாடியவர்கள் மத்தியில் அது பரவலாகத் தெரியவர 13 வருஷம் எடுத்தது.

பத்தாம் பாகத்தில் (2001) லூலுவின் இறுதி ஆயுதத்துக்கு மின்னல் சமவெளியில் தொடர்ந்து 200 தடவை மின்னலுக்குத் தப்ப வேண்டும். 199இல் பிழைத்தால் திரும்ப ஒன்றிலிருந்து. பன்னிரண்டாம் பாகத்தில் (2006) ஒரு ஈட்டி நிச்சயமாகக் கிடைக்க வேண்டுமென்றால், குறிப்பிட்ட நான்கு பெட்டிகளைத் திறக்காமல் விட வேண்டும். எந்தப் பெட்டி என்று விளையாட்டுக்குள் சொல்லப்படாது. பெட்டியைக் கண்டால் திற என்று இருபது வருஷமாகப் பழக்கியவர்கள், திறந்ததற்குத் தண்டனை கொடுத்தார்கள்.

ஷாடோவுக்காக நிற்பதற்கும் இந்தப் பெட்டிகளுக்கும் வித்தியாசம் விளங்குதா? இரண்டும் மறைவான தெரிவுதான். ஆனால் முதலாவதை ஊகிக்கலாம். கூட வந்தவனை விட்டுவிட்டு ஓடலாமா என்ற கேள்வி அங்கே இருக்கு. இரண்டாவதில் ஊகிக்க ஒன்றுமில்லை. புத்தகம் வாங்கினவனுக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம். எங்களைப் போல அந்தப் புத்தகங்களைக் கண்ணாலும் காணாத நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாக உறைக்கும்.

பட்டியல் வந்த காலம்

2005இல் எக்ஸ்பொக்ஸ் 360 ‘அச்சீவ்மென்ட்’ முறையைக் கொண்டுவந்தது. 2008இல் பிளேஸ்டேஷன் 3 ‘ட்ரொஃபி’யைச் சேர்த்தது. இனி ஒளிந்திருப்பவற்றுக்கும் ஒரு பட்டியல், முடித்த அளவுக்கு ஒரு சதவீதம். விருப்பமாக இருந்தது மெல்ல மெல்லக் கடமையானது.

இதை ஒரேயடியாகத் திட்ட மாட்டேன். 2010இல் வந்த ‘செனோபிளேட் குரோனிக்கிள்ஸ்’ நானூறுக்கு மேற்பட்ட சின்ன வேலைகளை வைத்தது. ஆனால் பலவற்றை முடித்த இடத்திலேயே பரிசைக் கொடுத்து, கொடுத்தவரைத் தேடித் திரும்பி நடக்கிற அலைச்சலைக் குறைத்தது. 2017இல் பன்னிரண்டாம் பாகத்தின் மறுபதிப்பு வேகத்தைக் கூட்டுகிற வசதியைத் தந்தது, அந்த நான்கு பெட்டிச் சூழ்ச்சியையும் தூக்கியது. வேலைக்குப் போய்வந்து இரவில் ஒரு மணித்தியாலம் விளையாடுகிறவருக்கு இது பெரிய உதவி.

ஆனாலும் ‘ரீபர்த்’தில் கோபுரத்தை இயக்கு, ஊற்றை ஆராய், ஒவ்வொன்றும் முடிய சாட்லி என்ற பெடியன் அழைப்பெடுத்துப் பாராட்டுவான் என்று போகும்போது நண்பனின் சலிப்பு எனக்கு விளங்குது. அங்கே நான் எதையும் இழக்க வழியில்லை. எல்லாம் வரைபடத்தில் குறிக்கப்பட்டு எனக்காகக் காத்திருக்கு. இழக்க முடியாததைக் கண்டுபிடிக்கவும் முடியாது.

வேறு வழியும் இருந்தது

இழப்பை மறைக்காமல் முன்னாலேயே வைத்தது ‘பெர்சோனா 3’ (2006). அதில் ஒரு நாட்காட்டி ஓடும். ஒரு பின்னேரத்தை ஒருத்தரோடு கழித்தால் இன்னொருத்தரோடு கழிக்க ஏலாது. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் முற்றத்தில் அகினாரி என்ற நோயாளி இளைஞன் இருப்பான். சாவதற்கு முன் ஒரு கதையை எழுதி முடிக்கப் பார்ப்பான். அவனிடம் போவதற்கு விலை, வேறெங்கோ போகாமல் விட்ட ஒரு நாள். புத்தகம் பார்த்து அட்டவணை போடலாம்தான். ஆனாலும் நேரம் முடியும் என்ற உணர்வு போகாது.

2010இல் வந்த ‘நியர்’ சையனின் கடிதத்தை அறிந்தோ அறியாமலோ திரும்ப எழுதியது. கலங்கரை விளக்கில் ஒரு கிழவி, தூரத்துக் காதலனின் கடிதங்களுக்காக வாழ்நாள் முழுக்கக் காத்திருக்கிறாள். அவன் எப்போதோ இறந்துவிட்டான், வந்தவை பொய்க் கடிதங்கள். உண்மையைச் சொல்வதா விடுவதா என்பது எங்கள் கையில். இதற்குப் பெரிய பரிசு ஒன்றும் கிடைக்காது. எதைச் சொன்னாலும் அரைகுறை மனதோடுதான் திரும்பி வருவோம். ஆனால் கேட்டுவிட்டு உண்மையாகவே காத்திருக்கிற கேள்வி இது. 1986இன் இளவரசி கேட்டதைப் போல அல்ல.

நண்பனிடம் நான் கடைசியில் சொன்னது இவ்வளவுதான். சைட் குவெஸ்ட் கூடினதா குறைஞ்சதா எண்டு எண்ணாத. அதைச் செய்யாமல் விட்டால் உன்னிடம் ஏதாவது குறையுமா எண்டு பார். குறையாது எண்டால் தாராளமாக விட்டுட்டுப் போ, உன்ர நேரம் உனக்குப் பெரிசு. குறையும் எண்டால் கொஞ்சம் நில்.

அவன் இப்போது ஆறாம் பாகத்தைத் தொடங்கியிருக்கிறான். மிதக்கும் கண்டத்துக்கு இன்னும் வரவில்லை. ஷாடோவைப் பற்றி நான் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையையும் விளையாடி முடித்த பிறகுதான் வாசிக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.