'அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல்': பெயர் தெரியாமல் இருந்த நோயும், ஊசிக்குப் பின் வரும் நடுக்கமும்

காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி. இந்த மூன்றை மட்டும் வைத்து என்ன நோய் என்று டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்தமானில் அதற்குச் சில ஆண்டுகள் பிடித்தன.

என்ன நடந்தது?

1988 முதல் வடக்கு அந்தமானின் டிக்லிபூர் பகுதியில், மழைக்காலத்தை ஒட்டி ஒரு காய்ச்சல் பரவியது. சிலருக்கு இருமினால் ரத்தம், மூச்சுத்திணறல். உயிரிழப்புகளும் நேர்ந்தன. காரணம் தெரியாததால் 'அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல்' என்றே அழைத்தார்கள். 1993-ல் மீண்டும் பரவியபோது, போர்ட் பிளேரில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) உள்ள ஐசிஎம்ஆர் ஆய்வு மையத்தின் விசாரணையில் விடை கிடைத்தது: லெப்டோஸ்பைரோசிஸ். நம்ம ஊர்ல எலிக் காய்ச்சல்.

ஏன் தாமதம்?

எலிக் காய்ச்சல் என்றாலே மஞ்சள் காமாலையும் சிறுநீரகப் பாதிப்பும்தான் நினைவுக்கு வரும். இங்கே அடி வாங்கியது நுரையீரல். இத்தனைக்கும், அந்தமானில் இந்த நோய் இருப்பது 1931-லேயே பதிவாகியிருந்தது.

எப்படித் தொற்றும்?

எலி, மாடு, பன்றி, நாய் ஆகியவற்றின் சிறுநீர் கலந்த தண்ணீரோ சேறோ காயம் பட்ட தோலில் பட்டால் போதும். வடக்கு அந்தமானில் 782 பேரிடம் நடந்த ஆய்வில், வாரம் 200 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளின் எடுத்தவர்களில் 3.11% பேருக்கும், எடுக்காதவர்களில் 6.82% பேருக்கும் நோய் வந்தது. தொற்று விகிதத்தில் மட்டும் பெரிய வித்தியாசம் இல்லை.

மருந்து கொடுத்ததும் ஏன் நடுங்குகிறது?

பென்சிலின் போன்ற மருந்தின் முதல் டோஸ் போன சில மணி நேரத்தில் சிலருக்குக் காய்ச்சல் ஏறும், குளிர் நடுக்கம் வரும், ரத்த அழுத்தம் இறங்கும். இதன் பெயர் யாரிஷ்-ஹெர்க்ஸ்ஹைமர் எதிர்வினை. செத்து உடையும் பாக்டீரியாவின் பொருட்கள் ரத்தத்தில் கலக்க, உடல் அதற்குக் காட்டும் எதிர்ப்பு இது. பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். தடிப்பு, முகவீக்கம், மூச்சில் விசில் சத்தம் என்றால் அலர்ஜியாக இருக்கலாம். அது வேறு ஆபத்து. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது டாக்டர் வேலை. உடனே சொல்லுங்கள், நீங்களாக மருந்தை நிறுத்தாதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது?

டாக்ஸிசைக்ளினை நிறையத் தண்ணீருடன், உட்கார்ந்தபடி விழுங்குங்கள். உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாகும். வெயிலில் தோல் சீக்கிரம் கருகும். அந்தமான் ட்ரிப் முடிந்து காய்ச்சல் வந்தால், "எங்கே போனேன், எந்தத் தண்ணீரில் இறங்கினேன்" என்பதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.