ஆட்டுக்குட்டியும் ஆள் கடத்தலும்

'கிட்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு முதற்பொருள் வெள்ளாட்டுக்குட்டி என்பதே. ஏறத்தாழ 1200-ஆம் ஆண்டளவில் இது ஸ்காண்டிநேவிய மொழியிலிருந்து ஆங்கிலத்தில் புகுந்தது என்பர். நாம் குழந்தையைக் 'குட்டி' என்று கொஞ்சுகிறோம் அல்லவா? அதுபோல, 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கொச்சை வழக்கில் 'கிட்' குழந்தையையும் குறிக்கலாயிற்று.

'நாப்' என்பது பறித்தலைக் குறிக்கும் பழைய கொச்சைச் சொல். 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஏழைச் சிறுவர்களையும் பிறரையும் ஏமாற்றிப் பிடித்து, அமெரிக்கக் குடியேற்றங்களில் தோட்ட வேலைக்கு விற்ற கயவர்கள் இருந்தனர். அவர்களைச் சுட்டவே இவ்விரு சொற்களும் இணைந்து 'கிட்நாப்பர்' பிறந்தது. இன்று எவ்வயதினரைக் கடத்தினாலும் அச்சொல்லே வழங்குகிறது. விற்கப்பட்ட அச்சிறுவர்களின் துயரம் அதனுள் இன்றும் உறைந்து கிடக்கிறது.