பூட்டை நம்பிக் கெட்ட கதை

போன தீபாவளிக்கு முன்னால் ஒரு வலைத்தளத்தில் டேபிள் டாப் கிரைண்டர் பாதி விலைக்குக் கண்ணில் பட்டது. முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தது. அதை நம்பி 2,900 ரூபாய் கட்டினேன். கிரைண்டர் வரவில்லை. ஒரு வாரத்தில் அந்தக் கடையே காணாமல் போயிற்று.

"பூட்டு இருந்ததேம்மா" என்றேன் மகளிடம்.

"அப்பா, அது வழிக்குப் போட்ட பூட்டு. கடைக்காரன் யோக்கியன்னு யார் சொன்னா?" என்றாள்.

அப்புறம்தான் இந்தப் பூட்டின் கதையைத் தேடிப் படித்தேன்.

1994 கடைசியில் வந்த நெட்ஸ்கேப் உலாவியில் பூட்டு இல்லை, சாவிதான். நாம் அனுப்பும் கார்டு எண் சங்கேதமாகப் போகும் பக்கம் என்றால் முழுச் சாவி, இல்லையென்றால் உடைந்த சாவி. பிந்தைய பதிப்புகளில் அது பூட்டாக மாறியது. அந்தக் காலத்தில் இதற்கான சான்றிதழைத் தளம் நடத்துபவர் காசு கொடுத்து வாங்க வேண்டும். 2015 டிசம்பரில் லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு அதை எல்லோருக்கும் இலவசமாகத் தர ஆரம்பித்தது. நல்ல காரியம்தான். ஆனால் திருடனுக்கும் பூட்டு கிடைத்தது. மக்கள் அதை நம்பகத்தின் அடையாளமாகத் தவறாக நினைக்கிறார்கள் என்று சொல்லி, 2023 செப்டம்பரில் குரோம் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது. நான் பழைய பழக்கமாக ஃபயர்ஃபாக்ஸில் இருந்தேன்.

இது எனக்குத் தெரியாத விஷயமா? தபால் துறையில் வேலை பார்த்தவன் நான். இன்ஷ்யூர் செய்த கவருக்கு அரக்கு முத்திரை வைத்து வாங்கியிருக்கிறேன். வழியில் யாரும் பிரிக்கவில்லை என்பதற்குத்தான் முத்திரை. வாங்கிக்கொள்பவர் நல்லவரா என்று அது சொல்லாது. கவரில் முக்கியம் முகவரி.

இப்போது நானும் முகவரியைத்தான் முதலில் படிக்கிறேன். .காம், .இன் என்பதற்கு முன்னால் ஒட்டி நிற்கும் பெயர்தான் உண்மையான உரிமையாளர். அதற்கும் முன்னால் எந்தப் பிரபலமான பெயரை வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். வங்கிகள் எல்லாம் .பேங்க்.இன் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025 அக்டோபர் 31 வரை கெடு வைத்ததும் இதற்காகத்தான். புதுக்கடை என்றால், பொருள் வந்த பிறகு பணம். அதற்கு ஒப்பாதவனிடம் வாங்குவதில்லை.

ஏமாந்தால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். நான் வெட்கப்பட்டு நாலு நாள் சும்மா இருந்தேன். பணத்தை விட்டதைவிட அதுதான் பெரிய தப்பு.