சேலத்தில் விதிக்கப்பட்ட தூக்கு

2000 பிப்ரவரி 2 அன்று தருமபுரியில் அரசியல் போராட்டக்காரர் பேருந்துக்குத் தீயிட்டதில், கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவியர் மூவர் எரிந்து மாண்டனர். வழக்கு, நம் சூரமங்கலத்தை அடுத்த சேலம் நீதிமன்றத்திற்கு மாற்றப்பட்டது. 2007-இல் குற்றவாளிகள் மூவருக்குத் தூக்கு விதிக்கப்பட்டது. அரிதினும் அரிதான வழக்கிலேயே மரண தண்டனை என 1980-இல் வரையறுத்த உச்ச நீதிமன்றம், 2010-இல் அதனை உறுதிசெய்தது. 2016-இல் அதே நீதிமன்றமே, கும்பல் வெறியில் நிகழ்ந்த செயல், அம்மாணவியரைக் கொல்லும் முன்னோக்கம் இல்லை எனக் கண்டு, தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. மாறியது குற்றமன்று, அதை நிறுத்த தராசு. இடைப்பட்ட ஆறாண்டுகளில் தூக்கு நிறைவேறியிருப்பின், பிந்திய தீர்ப்பை யாருக்கு வாசித்திருப்பர்?

ஆயினும் 2018 நவம்பரில், எம்.ஜி.ஆர். நூற்றாண்டை முன்னிட்டு அம்மூவரும் விடுதலையாயினர். தூக்கை மறுக்கும் நான், மகளிரை இழந்த அப்பெற்றோருக்கு உரைக்கத்தக்க மறுமொழியின்றி நின்றேன்.