சேற்றுக்கு மாற்றிய சிறு வண்டி

அமெரிக்காவில் பழைய புல்வெட்டும் வண்டிகளைச் சேற்றுப் பாதைக்கு மாற்றி ஓட்டுவோர் உண்டு. கேரள-தமிழக எல்லைப்புறத்துப் பாறசாலை, நெய்யாற்றின்கரை வயல்களைப் போன்ற ஈரநிலத்தில் அவ்வண்டிகளுக்கு நெருங்கிய உறவு பவர் டில்லர் என்ற உழவு இயந்திரம். கேரள அரசின் காம்கோ நிறுவனம் (1973) அத்தாணியில் தயாரிக்கும் 12 குதிரைத்திறன் டில்லரையே சான்றாகக் கொள்ளலாம். எஞ்சின் பலமே சேற்றைக் கடக்க உதவும் என்று பலர் நம்புகிறார்கள், அது பிழை. ரப்பர் டயரின் பள்ளங்களில் களிமண் அடைந்ததும் டயர் வழுவழுப்பாகி, நின்ற இடத்திலேயே சுழலும். அதே எஞ்சினில் கேஜ் வீல் என்ற இரும்புக் கம்பிச் சக்கரத்தை மாட்டினால் கம்பிகளின் இடைவெளி வழியே சேறு உதிர்கிறது, குறுக்குப் பட்டைகள் மண்ணைத் தள்ளி வண்டியை முன்னேற்றுகின்றன. புல்வெட்டும் வண்டியிலும் அப்படித்தான்: புல்தரைக்கென வடிவமைத்த அதன் மெல்லிய கியர்பெட்டியில் பெரிய எஞ்சினை ஏற்றினால் பல்சக்கரமோ அச்சோதான் முதலில் உடையும். வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டுவதே சரி.

இரும்புச் சக்கரம் தார்ச்சாலையைக் கீறுமே என்ற மறுப்பு முற்றிலும் நியாயமானது. ஆகவே வரப்போரத்தில் அதைக் கழற்றி, டயர் மாட்டியே சாலையேற வேண்டும். தரை இடைவெளிக்காக வண்டியை உயர்த்துவோர் சக்கர அகலத்தையும் கூட்டியாக வேண்டும். இல்லையேல் சரிவில் கவிழும்.